நாளைய குளிர்

அந்த அறையில் ஒரு சத்தத்தைக் காணவில்லை.

பள்ளி விட்டதும் வினோலியா அம்மாவின் மருந்துக் கடைக்கு வந்துவிடுவாள். கடைக்குப் பின்னால் சின்ன அறை. மூன்று பக்கமும் அட்டைப்பெட்டிகள். மூலையில் மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ். அது எப்போதும் கிழட்டுப் பூனை போல உறுமிக்கொண்டே இருக்கும்.

இன்று உறுமவில்லை.

மின்விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. ஆனால் வீட்டுப்பாடக் கணக்கைப் போடப் போட, முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

திரும்பினாள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருட்டில் ஒரு சிவப்புக் கண். அது இமைக்கவே இல்லை.

"ஸ்டீபன் அண்ணே!"

கடையில் வேலை பார்க்கும் ஸ்டீபன்ராஜ் முன்பக்கமிருந்தே கத்தினான். "என்னத்தா?"

"இங்க என்னமோ நிக்குது."

"பேயா? கணக்கு சொல்லித் தருமான்னு கேளு. இங்க ஏவாரம் கெடக்கு."

வினோலியா மெல்ல ஃபிரிட்ஜ் அருகே போனாள். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. உள்ளே எத்தனை டிகிரி என்று காலையும் மாலையும் பார்த்து எழுதும் தாள். இரண்டுக்குக் கீழே போகக் கூடாது, எட்டைத் தாண்டக் கூடாது.

நேற்று 5. இன்று காலை 5. இன்று மாலை 5.

நாளை காலை 5. நாளை மாலை 5.

நாட்காட்டியைப் பார்த்தாள். வியாழன். தாளிலோ சனிக்கிழமை வரைக்கும் 5.

இன்னும் விடியாத நாளின் குளிரை யார் பார்த்துவிட்டு வந்தது?

கதவைத் திறந்தாள். வெதுவெதுப்பான காற்று, யாரோ ஊதியதுபோல, முகத்தில் பட்டது. உள்ளே தொங்கிய வெப்பமானியில் 31.

அவள் தலைக்கு மேலே ஒரு கை நீண்டது. வினோலியா வீறிட்டாள்.

"ஏன் இம்புட்டுக் கத்துற? நான்தான்!" ஸ்டீபன்ராஜ் இன்சுலின் பெட்டி ஒன்றை எடுத்தான். "ஒங் கிளாஸ் நியாஸ் வந்திருக்கான்."

"அண்ணே, நாளைக்கு உள்ளத எழுதினது யாரு?"

அவன் காது சிவந்தது. "நான்தான். எப்பப் பார்த்தாலும் அஞ்சுதான காட்டுது? திங்கக்கிழமையே மொத்தமா எழுதிருவேன். அம்மாட்ட சொல்லிறாத."

சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டான்.

வினோலியா வெப்பமானியை மறுபடி பார்த்தாள். நியாஸ் தினமும் ஊசி போட்டுக்கொள்கிறவன். முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டான். அவனுக்குள் போகப்போகிற மருந்து அது.

ஓடினாள். அம்மா கொடுத்த பெட்டியை வாங்க நியாஸின் அப்பா கையை நீட்டியிருந்தார். பெட்டியின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"குடுக்காதீங்கம்மா! ஃபிரிட்ஜு செத்துக் கெடக்கு!"

அம்மா பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே போனார்.

சிவப்புக் கண், ஸ்டெபிலைசரின் விளக்கு. நேற்று ஊர் முழுக்க மாதாந்திர மின்தடை. மின்சாரம் அதிக அழுத்தத்தோடு திரும்பி வந்தபோது, ஸ்டெபிலைசர் ஃபிரிட்ஜை மட்டும் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு யாரும் கதவைத் திறந்து பார்க்கவில்லை.

நியாஸ் மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "தண்ணி மாதிரி சுத்தமாத்தான இருக்கு, ஆன்ட்டி?"

"அதான்டா பயமே. கெட்டாலும் இப்படியே நல்ல பிள்ளையாட்டம் இருக்கும்."

"வீட்ல இருந்தது காலையோட தீந்துபோச்சேம்மா," என்றார் நியாஸின் அப்பா. "ராத்திரிக்கு ஊசி போடணுமே."

அம்மா அடுத்த தெருக் கடைக்குப் போன் செய்தார். "உங்க ஃபிரிட்ஜ்ல இப்ப எத்தனை டிகிரி? எழுதி வச்சதைச் சொல்லாதீங்க. எந்திரிச்சுப் போயி, பார்த்துச் சொல்லுங்க."

நான்கு என்று பதில் வந்தது. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டீபன்ராஜ் ஓடினான். யாரும் அவனை ஓடச் சொல்லவில்லை.

அவன் கொண்டுவந்த மருந்தோடு நியாஸ் வீட்டுக்குப் போனான். அம்மா ஃபிரிட்ஜில் இருந்த எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, 'விற்கக் கூடாது' என்று எழுதினார். பழைய தாளைக் கிழித்தார். புதிய தாளை ஸ்டீபன்ராஜ் கையில் கொடுத்தார்.

ஸ்டெபிலைசரை அணைத்துப் போட்டார். ஃபிரிட்ஜ் மறுபடி உறுமியது.

ஸ்டீபன்ராஜ் கதவைத் திறந்து, குனிந்து, வெப்பமானியைப் பார்த்தான். இன்று மாலை 26 என்று எழுதினான். பேனா பழக்கத்தில் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது.

"நாளைக்கு எத்தனைன்னு பேயிட்ட கேட்டுச் சொல்லவாண்ணே?" என்றாள் வினோலியா.

அவன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினான்.

நாளைக்கான கட்டம் காலியாக இருந்தது. வினோலியா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மிச்சக் கணக்கைப் போட்டு முடித்தாள்.