ஒண்ணும் பண்ணமாட்டான்

குரல் வந்தது. நாய் வரவில்லை.

டோரீனுக்கு முதலில் உறுத்தியது இதுதான். ஊர்க்காரர்கள் நாய்களை நடத்திக் கூட்டிவரும் ஹாக்ஸ்பி மேட்டில் எப்போதும் நடப்பது இதற்கு நேர்மாறு. முதலில் நாய் வரும். சேற்றில் குளித்தெழுந்த கன்றுக்குட்டி மாதிரி, நாக்கைக் கொடியாகப் பறக்கவிட்டுக்கொண்டு, தரை அதிர வரும். வந்து, அன்று காலைதான் துவைத்து உலர்த்திய கோட்டின் மேல் இரண்டு பாதங்களையும் பதித்து முத்திரை குத்தும். பிறகு ஒரு யுகம் கழித்து அடிவானத்தில் ஒரு புள்ளி தோன்றும். அந்தப் புள்ளிதான் நாயின் சொந்தக்காரர். கையில் கயிறு இருக்கும், கயிற்றில் நாய் இருக்காது. அது கையை ஆட்டியபடி, அவசரமே இல்லாமல், ஊருக்கே கேட்கும்படி கத்தும்: "பயப்படாதீங்க! ஒண்ணும் பண்ணமாட்டான்! ரொம்பப் பாசமானவன்!"

அந்த நவம்பர் பிற்பகலில் முட்புதர்களுக்கு அப்பாலிருந்து அதே வார்த்தைகள் வந்தன. இனிமையான, கொஞ்சம் மூச்சு வாங்கும், ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். "பயப்படாதீங்க! ஒண்ணும் பண்ணமாட்டான்! ஹலோ சொல்லணுமாம், அவ்வளவுதான்!"

டோரீன் தன் நாய் டான்சியின் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் இறுக்கிக்கொண்டு, வரப்போகும் பாதங்களுக்காகக் காத்திருந்தாள். பனிமூட்டம் புதர்களின் மேல் ஈரத் துணிபோலக் கிடந்தது. எங்கோ நீர் சொட்டியது. எதுவும் வரவில்லை. டான்சி மட்டும் அவள் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு, குரைக்காமல், நடுங்காமல், மூச்சுக்கூட விடாமல் நின்றது.

நடுங்காமல் நின்றது என்பதைச் சொல்லியாக வேண்டும். டான்சி பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்டு. தேநீர்க் குவளை நகர்ந்தால் நடுங்கும். வானிலை அறிக்கை வாசிப்பவர் குரலை உயர்த்தினால் நடுங்கும். போன வசந்தத்தில் ஒரு "பாசமானவன்" அதன் தொடையைக் காலுறை கிழிவதுபோலக் கிழித்துவிட்டுப் போனான். அவனுடைய சொந்தக்காரி நிதானமாக நடந்து வந்து, ரத்தத்தைப் பார்த்து, டோரீனைப் பார்த்து, "இதுக்கு முன்னாடி இப்படிப் பண்ணினதே இல்லையே! உங்க நாய் ஏதாவது முறைச்சிருக்கும்" என்று சொல்லியிருந்தாள். தையல் ஆறிவிட்டது, இதயம்தான் தேறவில்லை. இன்னொரு முறை இப்படிப் பயந்தால் தாங்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து டோரீன் டான்சியைக் கயிற்றிலிருந்து அவிழ்த்ததே இல்லை. கயிற்றில் மஞ்சள் ரிப்பன் கட்டினாள். கிட்டே வராதே என்று நாய் உலகத்தில் அதற்கு அர்த்தம். ஹாக்ஸ்பியில் அது வெறும் அலங்காரம். "அய்யோ, பொறந்தநாளா செல்லத்துக்கு?" என்று கேட்டுக்கொண்டே நாலு நாய்களை அவிழ்த்துவிட்ட புண்ணியவதி ஒருத்தி இருந்தாள்.

டோரீன் முப்பது ஆண்டுகள் கார் ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்தவள். கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினார் என்று பாதிரியாரையே இரண்டு முறை தோற்கடித்தவள். அவள் கோபத்தில் தேநீர் கொதிக்கும் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. எதிரே கயிற்றில் கட்டிய நாய் வந்தால் உன் நாயைக் கூப்பிட்டுக் கட்டு; அது போட்ட மலத்தைப் பையில் எடு; அந்தப் பையை முள்மரக் கிளையில் கிறிஸ்துமஸ் தோரணம்போலத் தொங்கவிடாதே. இவ்வளவுதான் சட்டம். இதற்கு என்ன மேல்படிப்பா வேண்டும்?

அந்தக் குரல் மறுநாளும் வந்தது, கொஞ்சம் கிட்டத்திலிருந்து. அதற்கடுத்த நாள், மேட்டின் குறுக்கே ஓடும் ஓடையின் இந்தப் பக்கத்திலிருந்தே வந்தது. ஒருநாளும் நாய் வரவில்லை, புள்ளியும் தோன்றவில்லை.

அந்த வாரக் கடைசியில், மேட்டின் சுழல் கதவருகே, கிப்பரின் அப்பாவைப் பிடித்தாள். அவருடைய உண்மைப் பெயர் அவளுக்குத் தெரியாது. பத்து வருடமாகத் தெரியாது. ஹாக்ஸ்பியில் நாய்க்குத்தான் பெயர். மனிதர்கள் அதன் அப்பா, அம்மா, அவ்வளவுதான். கிப்பர் ஒரு லாப்ரடார். நான்கு கால் வைத்த சோபா என்று சொன்னால் சோபா கோபித்துக்கொள்ளும்.

"என்ன டான்சியம்மா, முகம் செவந்திருக்கு? யாரைக் கொன்னுட்டு வர்றீங்க?"

"இன்னும் கொல்லலை. ஆளைத்தான் தேடிட்டிருக்கேன். ஓடைப்பக்கம் ஒருத்தர் தினமும் நாயை அவுத்துவிட்டுட்டு ஒளிஞ்சு நின்னு கத்துறாங்களே, யார் அது?"

கிப்பரின் அப்பா குனிந்து, கட்டியே இருந்த தன் ஷூ நாடாவை மறுபடி கட்டினார். "ஓ. அதுவா."

"எதுவா?"

"அது ஒண்ணுமில்லை, விடுங்க. 'பரவாயில்லைங்க'ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டு நடந்துகிட்டே இருங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான்."

"எது பரவாயில்லை? என் நாய் தொடையில பதினெட்டுத் தையல்! அது பரவாயில்லையா?"

"கோவிச்சுக்காதீங்க. மரியாதைக்குச் சொல்றதுதானே. மழை கொட்டும்போது 'நல்ல நாள்'னு சொல்றதில்லையா, அந்த மாதிரி. சொன்னா அது போயிடும்."

"நாயைப் பார்த்திருக்கீங்களா நீங்க?"

"இல்லை."

"ஆளை?"

கிப்பர் வாலை ஆட்டுவதை நிறுத்தியது. அதன் அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். "பனி எறங்குது டான்சியம்மா. இன்னிக்கு ரோட்டுப் பக்கமாப் போங்களேன்."

ரோட்டுப் பக்கம் போகலாம்தான். ஆனால் டான்சிக்கு இங்கிலாந்து முழுவதிலும் ஒரே ஒரு புல்தரையில்தான் காரியம் நடக்கும். அது ஓடைக்கு அப்பால் இருந்தது. தார் ரோட்டில் நிறுத்தினால், பாராளுமன்றத்தில் நிர்வாணமாக நிற்கச் சொன்னதுபோல முகத்தை வைத்துக்கொள்ளும். அது ஒரு காரணம். இன்னொன்று, ஒரு நாயை வளர்க்கத் துப்பில்லாத ஆளுக்காக டோரீன் ஏன் வழியை மாற்ற வேண்டும்? அவள் வரி கட்டவில்லையா?

உள்ளே போனாள்.

புதர்ச் செடிகள் காய்ந்து துருநிறத்தில் இடுப்பளவு நின்றன, அவற்றின் நடுவே ஒற்றையடிப் பாதை கிடந்தது, பனிமூட்டம் பாதையைத் தன் விருப்பத்துக்குக் கொஞ்சம் காட்டிக் கொஞ்சம் விழுங்கிக்கொண்டிருந்தது, பின்னால் ஊரின் கார்ச் சத்தம் தேய்ந்து தேய்ந்து கடைசியில் அவளுடைய ரப்பர் காலணிகள் சேற்றை உறிஞ்சும் சத்தம் மட்டும் மிஞ்சியது. போகும் வழியெல்லாம் டோரீன் தன் சொற்பொழிவைத் தயார் செய்தாள். அருமையான சொற்பொழிவு. முன்னுரை, ஐந்து குற்றச்சாட்டு, தீர்ப்பு. குற்றவாளி கடைசியில் மண்டியிட்டு அழ வேண்டும்.

ஓடையைத் தாண்டியதும் வாசனை அடித்தது.

ஈர நாயின் நாற்றம் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுத் திரைச்சீலைக்கே அந்த நாற்றம்தான். இது அதுவல்ல. பல நாள் குளிக்காத தலை. உடம்போடு ஒட்டிக் காய்ந்து மறுபடி நனைந்த கம்பளி. வாயில் வைத்த செப்புக்காசு. இவை எல்லாம் சேர்ந்த ஒன்று.

டான்சி நின்றுவிட்டது.

"பயப்படாதீங்க!"

மிகப் பக்கத்தில். வலது கைப் பக்கம், புதருக்குள்.

"ஒண்ணும் பண்ணமாட்டான்! ஹலோ சொல்லணுமாம்!"

இப்போது ஓடும் சத்தமும் கேட்டது. செடிகளைப் பிளந்துகொண்டு, அவளைச் சுற்றி வட்டமாக. ஆயிரம் நாய்கள் தன்னை நோக்கி ஓடி வந்ததை அவள் கேட்டிருக்கிறாள். நான்கு கால் பாய்ச்சலுக்கு ஒரு தாளம் உண்டு, தூக்கத்தில்கூட அவளுக்குத் தெரியும். இந்தத் தாளம் அது இல்லை.

இது இரண்டு.

இரண்டு. இரண்டு. இரண்டு. கனமாக.

'பரவாயில்லைங்க' என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்தது. வாழ்நாளெல்லாம் சொன்ன சொல். தொடையில் ரத்தம் வழிய டான்சி கிடந்தபோதுகூட, அந்தச் சொந்தக்காரியிடம் அவள் வாய் அதைத்தான் சொல்லியிருந்தது. பரவாயில்லைங்க. அதை நினைத்ததும் உள்ளே நெருப்பு ஏறியது.

"பரவாயில்லை இல்லை!" என்று கத்தினாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கொஞ்சங்கூடப் பரவாயில்லை இல்லை! எத்தனை நாளா இந்தக் கூத்து? வெட்கமா இல்லை? மூஞ்சியைக் காட்டத் தைரியம் இருந்தா வெளியே வாங்க! வந்து அவனைக் கயித்துல கட்டுங்க!"

ஓட்டம் நின்றது.

நீர் சொட்டுவதும் நின்றது.

பிறகு குரல் வந்தது. கத்தவில்லை. அதற்கு இனித் தேவையும் இல்லை. அது தரையோடு தரையாக, அவள் முழங்கால் உயரத்திலிருந்து பேசியது.

"மன்னிச்சுக்குங்கம்மா. கயித்துலதான் இருக்கான்."

செடிகள் விலகின.

பாதையின் மேல் ஒரு ஆள் வந்து நின்றான். ஹாக்ஸ்பியில் நாய் நடத்துகிறவர்கள் போடும் மெழுகுத் துணி மழைக்கோட்டு, கிழிந்து தொங்கியது. ஒரு காலில் மட்டும் ரப்பர் காலணி. நெடுநாள் வளர்ந்த தாடியில் முட்கள். கண்கள் ஈரமாக, அகலமாக, ஆனந்தமாக அவளையே பார்த்தன. வாய் திறந்திருந்தது. வாய் அசையவில்லை. கழுத்தில் பட்டை. பட்டையில் கொக்கி. கொக்கியிலிருந்து ஒரு கயிறு விறைப்பாக, சாய்வாகக் கீழே இறங்கிப் புதருக்குள் போனது. அங்கே, முழங்கால் உயரத்தில், அதை யாரோ பிடித்திருந்தார்கள்.

ஆள் அவளை நோக்கித் திமிறினான். பட்டை தொண்டையை நெரித்தது. அவனுக்கு அது பொருட்டே இல்லை. பின்பக்கம் முழுவதும் ஆடியது.

"எப்பவும் கட்டித்தான் வெச்சிருக்கேன்" என்றது புதர். "உங்களை மாதிரிதான் நானும். கேக்காம அவுத்துவிட மாட்டேன். மரியாதை தெரியாதா எனக்கு?"

டோரீனின் முழங்காலில் டான்சியின் விலா ஒட்டியிருந்தது. அதற்குள் இதயம் அடிப்பது தெரிந்தது. விட்டு விட்டு. ஒன்று. ஒன்றுமில்லை. இரண்டு சேர்ந்தாற்போல. ஒன்றுமில்லை.

செத்துவிடும். இங்கேயே, இந்தச் சேற்றில்.

சொன்னா அது போயிடும்.

சொற்பொழிவு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முன்னுரையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. உதடுகள் மட்டும் இருந்தன. அவை தாமாக அசைந்தன.

"ப... பரவாயில்லைங்க."

புதர் சிரித்தது. மனம் குளிர்ந்த சிரிப்பு.

"கேட்டியாடா செல்லம்? வெளியே வான்னு கூப்பிட்ட அம்மாவே பரவாயில்லைன்னுட்டாங்க."

கயிறு தளர்ந்தது. ஆள் அசையாமல் நின்றான், நல்ல பிள்ளையாக, கழுத்தை நீட்டிக் கொடுத்துக்கொண்டு. செடிகளுக்குள்ளிருந்து நீளமாக ஏதோ ஒன்று உயர்ந்து கொக்கியை நோக்கிப் போனது. டோரீன் அதைப் பார்க்கவில்லை. பார்க்க மறுத்தாள். குனிந்தாள். விரல்கள் மரத்திருந்தன. டான்சியின் பட்டை. ரிப்பன். கொக்கி. நழுவியது. மறுபடி. சனியன். மறுபடி.

கழன்றது.

"ஓடுடி!" தொடையில் ஓங்கி அடித்தாள், தழும்பின் மேலேயே. "ஓடு! போ!"

டான்சி அவளை ஒரு முறை பார்த்தது. பிறகு அது நாயாக இல்லை. சாம்பல்நிறக் கோடாக இருந்தது. ஓடையை ஒரே தாவில் கடந்தது, பனியைக் கிழித்தது, பந்தயத் திடலில்கூட அப்படி ஓடியிருக்காது, பூமியே அதற்காகச் சாய்ந்து கொடுத்ததுபோல ஓடிற்று. நான்கு கால் தாளம். சுழல் கதவுப் பக்கம். தேய்ந்து, தேய்ந்து, பத்திரமாக, இல்லாமல் போனது.

டோரீன் நிமிர்ந்தாள். கையில் வெறும் கயிறு.

க்ளிக்.

ஆள் முதல் அடியை எடுத்து வைத்தான், இரண்டு கைகளையும் அவள் மார்பு உயரத்துக்குத் தூக்கி, நாக்கு தொங்க, கண்ணில் அவ்வளவு பாசம்.

அவனுக்குப் பின்னால், பாதையின் இரு பக்கமும், பனி மூடிய செடிகளின் நீளத்துக்கு நீளம், பட்டை மாட்டிய மனிதக் கழுத்துகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

க்ளிக்.

க்ளிக். க்ளிக். க்ளிக்.