மழை விலகிய இடம்

அந்த வியாழக்கிழமை நான் தேச்சம்மாவின் வீட்டு வாசலில் இறங்கியபோது பகல் பன்னிரண்டு மணி. ஆனாலும் ஜீப்பின் முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குடகில் ஜூலை மழை அப்படித்தான். காப்பிச் செடிகளுக்கு மேலே பகல் என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும்.

டிரைவர் கேட்டுக்கு உள்ளே வர மறுத்துவிட்டான்.

"கட்டுப் போடத்தானே போறீங்க சிஸ்டர்? வேலி போட வந்தவன் பயிர மேஞ்சா அடி விழத்தான் செய்யும்" என்று சிரித்துவிட்டு வண்டியைத் திருப்பினான்.

அவன் சொன்ன வேலிக்காரன் யதீஷ். யானை நுழையாமல் தோட்டங்களைச் சுற்றி மின்வேலி போடுகிறவன். சுள்ளியா பக்கத்துப் பையன், வயது முப்பது. தேச்சம்மாவுக்கு நாற்பத்தொன்பது. அவள் கணவன் மாச்சையா ஜீப் கவிழ்ந்து செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நான் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷமாக நர்ஸ். தேச்சம்மாவின் புருவத்திலும் உதட்டிலும் உச்சந்தலையிலும் எத்தனை தையல் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் 'படியில் விழுந்தார்' என்று சீட்டில் எழுதினேன். எழுதச் சொன்னது மாச்சையா. எழுதியது என் கை.

யதீஷைப் பற்றி அவள் முதலில் என்னிடம் சொன்னபோது, பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி அவள் காது மடல் சிவந்தது.

"காப்பி குடுத்தேன் சிஸ்டர். குடிச்சிட்டு எழுந்து போய் டம்ளரக் கழுவி கவுத்து வெச்சான். இந்த வீட்ல ஒரு ஆம்பள டம்ளர் கழுவி நான் பார்த்ததே இல்ல. என்னையறியாம சிரிச்சிட்டேன். 'ஏன் அக்கா சிரிக்கிறீங்க?'ன்னான். அக்கான்னு கூப்பிட்டது அன்னைக்கோட சரி."

நாலு நாள் வேலை நாலு மாதம் நீண்டது. தலைக்குச் சாயம் பூசுவதை அவள் நிறுத்திவிட்டாள். அவனுக்கு அந்த நரை பிடித்திருந்ததாம். ஊர் கைகொட்டிச் சிரித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் முன்பு யதீஷ் ஆஸ்பத்திரிக்கு வந்து சட்டையைக் கழற்றினான். முதுகு முழுக்க பெல்ட் அடித்த தடிப்புகள். கொக்கி பட்ட இடங்களில் சதை பிய்ந்திருந்தது.

"யார் அடிச்சா? மாச்சையாவோட தம்பிங்களா?"

"தெரியல சிஸ்டர்."

"முதுகு கிழியிற அளவுக்கு அடிச்சிருக்காங்க, தெரியலங்கிற?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "திரும்பிப் பார்த்தேன். யாருமே இல்ல."

நான் மருந்து தடவினேன். கொக்கியின் அந்த வளைவை வேறொரு தோலின் மேல் இருபது வருஷம் நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது அவனால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை என்று தேச்சம்மா ஆள் அனுப்பியிருந்தாள். அதனால்தான் பையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

கதவைத் திறந்தவள் மெலிந்திருந்தாள். உள்ளே பன்றிக்கறி கொதிக்கும் மணம். அதற்கு அடியில் இன்னொரு வாடை. பிராந்தியும் நனைந்த தோலும் கலந்த வாடை. அந்த வீட்டில் இரண்டு வருஷமாக யாரும் குடிப்பதில்லை.

நடு முற்றத்தை ஒட்டிய அறையில் யதீஷ் குப்புறப் படுத்திருந்தான். பழைய காயங்களுக்குக் குறுக்கே புதிய காயங்கள். நான் பஞ்சை நனைத்தேன்.

"ரெண்டு பேரும் இந்த வீட்ட விட்டுப் போயிடுங்க" என்றேன்.

"இருபத்தஞ்சு வருஷம் இந்தச் செடிக்குக் கவாத்து பார்த்தது நான்" என்றாள் தேச்சம்மா. "செத்தவன் இருப்பான், உசிரோட இருக்கிறவ போகணுமா?"

"அப்போ நீயாவது போ, யதீஷ்."

தலையணையில் முகத்தைப் புதைத்தபடியே அவன் சொன்னான். "கறி வேகுற வாசனை வருது. சாப்பிடாம எப்படி சிஸ்டர் போறது?"

அவள் சிரித்தாள். குனிந்து அவன் பின்கழுத்தில் உதட்டை வைத்தாள். நான் இருப்பதை இருவருமே மறந்துவிட்டார்கள்.

முற்றத்தில் மழைச் சத்தம் மாறியது.

ஓட்டிலிருந்து கல்லில் விழும் சத்தம் எனக்குப் பழக்கம். இது வேறு. யாரோ மழைக்கோட்டு போட்டுக்கொண்டு நின்றால், அதன் மேல் மழை விழுமே, அந்தச் சத்தம்.

பிராந்தி வாடை அறைக்குள் வந்தது.

சுளீர்.

யதீஷின் முதுகில் நான் அப்போதுதான் ஒட்டிய பஞ்சு இரண்டாகக் கிழிந்து பறந்தது. என் முகத்தில் ரத்தம் தெறித்தது.

சுளீர். சுளீர்.

அவன் கத்தவில்லை. பல்லைக் கடித்தான். பிறகு அவன் தலைமுடி மட்டும் தானாக மேலே எழுந்தது. கற்றையாக, யாரோ முஷ்டியில் பிடித்ததுபோல.

அவன் கட்டிலிலிருந்து இழுபட்டுத் தரையில் விழுந்தான்.

இழுபட்டுக்கொண்டே போனான். நிலைக்கல்லில் தலை மோதியது. தூக்கப்பட்டு மறுபடியும் மோதியது. வலது காது பாதி அறுந்து தொங்கியது. தேச்சம்மா அவன் கால்களைப் பிடித்துக்கொண்டு கூடவே தரையில் இழுபட்டாள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். இத்தனை வருஷமாக எப்படி நின்றேனோ, அப்படியே.

முற்றத்துத் தண்ணீரில் அவன் மல்லாந்து கிடந்தான். கழுத்து உள்ளே அமுங்கியது. முகம் நீலமாகிக்கொண்டு வந்தது.

தேச்சம்மா கூடத்துக்கு ஓடினாள். சுவரில் மாட்டியிருந்த இரட்டைக் குழல் துப்பாக்கியோடு திரும்பினாள்.

"டேய் மாச்சையா!"

கணவனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"அவன விடுடா. உனக்கு அடிக்கிறதுக்குத்தானே நான் இருந்தேன்? இருபத்து மூணு வருஷம் வாங்கினவ இங்க நிக்கிறேன். வா!"

யதீஷின் கழுத்து விடுபட்டது. இருமலோடு அவன் மூச்சை இழுத்தான்.

அது அவளிடம் வந்தது.

முதல் அடியில் அவள் புருவம் பிளந்தது. அதே இடம். என் பழைய தையல் மேலேயே. ரத்தம் இரண்டு கண்ணையும் மூடியது. அவள் தடுமாறி முற்றத்தில் இறங்கினாள். துப்பாக்கி முனை இங்கும் அங்கும் அலைந்தது.

"எங்கடா இருக்க? எங்க?"

அப்போது நான் பார்த்தேன்.

முற்றம் முழுக்க மழை கொட்டியது, ஓர் இடத்தைத் தவிர. அங்கே மழை விலகி வழிந்தது. ஒரு தலையின் வளைவில். அகன்ற தோள்களில். ஓங்கிய ஒரு கையில்.

அவள் மருந்துச் சீட்டுகள் எல்லாம் என் கண் முன்னே வந்தன. படியில் விழுந்தார். படியில் விழுந்தார்.

"தேச்சம்மா!" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "உங்களுக்கு நேரா! மூணடி! நெஞ்சுக்கு நேரா சுடுங்க!"

அந்தத் தலை என் பக்கம் திரும்பியது. மழை அதன் முகத்தில் வழிந்து, மூக்கும் மீசையும் திறந்த வாயும் தெரிந்தன.

அவள் சுட்டாள்.

உருவம் பின்னால் வளைந்தது. ஆனால் விழவில்லை. அவள் ஓரடி முன்னால் வைத்து மறுபடியும் சுட்டாள். எருமையின் அலறல் போன்ற ஒரு சத்தம் ஓடுகளை உலுக்கியது. மழை மொத்தமாக அந்த இடத்தில் விழுந்து கல்லில் தெறித்தது. எதிர்ச் சுவரில் கறுப்பாக ஏதோ வழிந்து இறங்கியது. முடி எரியும் நாற்றம்.

தேச்சம்மா துப்பாக்கியைப் போட்டுவிட்டுத் தவழ்ந்துபோய் யதீஷின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "தேச்சு... சுட்டுட்டியா?" என்றான் அவன், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி.

அந்த ஊரில் அடுத்தடுத்து இரண்டு வெடி கேட்டால் அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். அரை மணியில் குடைகளோடு பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள். பெரியவர் சோமண்ணா செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"யாரும்மா போனது?"

"என் புருஷன்."

"என்னம்மா சொல்ற? அவன் போய் ரெண்டு வருஷமாச்சே!"

"இல்ல" என்றாள் அவள், ரத்தத்தைத் துடைக்காமல். "இன்னைக்குத்தான் போனான்."

யாரும் சிரிக்கவில்லை. யதீஷை நாலு பேர் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் அவள் புருவத்தைத் தைத்து முடித்ததும் சீட்டை எடுத்தேன். 'கணவன் அடித்தது' என்று எழுதினேன். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுதியதை நான் அடிக்கவில்லை, திருத்தவில்லை.

அவர்கள் அப்புறம் அந்த வீட்டில் தங்கவில்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மைசூருக்குப் போனார்கள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம். கையெழுத்துப் போட வந்த சாட்சிகளில் நானும் ஒருத்தி.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாடியில் சின்ன வீடு, மூன்று பக்கமும் ஜன்னல், வெயில் கூடை கூடையாக உள்ளே விழுந்தது. யதீஷ் காதுத் தழும்பை முடியால் மறைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் "சிஸ்டருக்குப் பிடிச்சது கோழிதானே?" என்று கேட்டுப் பையோடு கடைக்குக் கிளம்பினான். படியிறங்கும்போது அவன் விசில் அடித்தது கேட்டது.

தேச்சம்மாவுக்குக் கன்னத்தில் சதை வைத்திருந்தது. மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்து வெயிலில் காலை நீட்டி, அவன் தோசை கருக்கிய கதையைச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே தற்செயலாகக் கீழே பார்த்தேன்.

அவள் இடது கணுக்காலில் தோல் உள்ளே அமுங்கியது. முதலில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம். பிறகு மறுபக்கம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் பார்க்கப் பார்க்க அந்த இடங்கள் சிவந்தன.

அவள் என் பார்வையைத் தொடர்ந்து காலைப் பார்த்தாள். அவள் முகம் மாறவில்லை. புடவையைக் கணுக்கால் மறைய இழுத்துவிட்டாள்.

"யதீஷுக்குத் தெரிய வேண்டாம் சிஸ்டர்" என்றாள் மெதுவாக. "பிடிச்சுக்கிட்டுக் கிடக்கட்டும். இழுக்கிற தெம்பு இப்போ அதுக்கில்ல."

புடவைக்கு அடியில் எலும்பு நெரியும் சத்தம் மெல்லக் கேட்டது.