இடது பக்கம் தம்பிக்கு

தீவுகளுக்கிடையே ஓடும் ஹட் பே கப்பலிலிருந்து பெட்டியை இறக்கிக் கொடுத்தவன் மூச்சு வாங்கினான். "க்யா ஹை அங்கிள், பத்தர்?"

கல் இல்லை, ஆம்ப்ளிஃபயர் என்று இந்தியிலேயே சொல்லிவிட்டு, உதயசூரியன் அதை ஆட்டோவில் ஏற்றினார். பத்துபஸ்தியில் இருந்த தன் வீடு போய்ச் சேரும்வரை அதன்மேல் ஒரு கையை வைத்தபடியே இருந்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

கதவைத் திறந்த மனைவி விசாலாட்சி மூக்கைச் சுளித்தாள்.

"கடலையே கட்டி அனுப்பிட்டாளா அலமு? இதைக் கொண்டுபோய் பின்ரூம்ல வைங்க. சோபாவுல வச்சீங்க, நானும் அதே கப்பல்ல ஏறிருவேன்."

முன்பெல்லாம் என்றால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

அது அவர் தம்பி நல்லதம்பி வாங்கிய பழைய ஜப்பான் ஆம்ப்ளிஃபயர். ஹட் பேயில் வீட்டைக் காலி செய்த ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து வாங்கி, மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வைகாசியில் ஒருநாள் விடியற்காலை மீன்பிடிக்கப் போனான். டிங்கிப் படகு மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. அவன் கிடைக்கவில்லை.

உடல் இல்லை, அதனால் காரியமும் இல்லை. அவன் மனைவி அலமு பொட்டும் தாலியுமாக, கப்பல் வரும்போதெல்லாம் துறைமுக ஜெட்டியில் போய் நின்றாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. கடைசியில் அவளே ஒரு முடிவு சொன்னாள்.

"பெரியத்தான், நீங்க ரெண்டு பேரும் எதை ரிப்பேர் பண்ணாலும் வெரலை வச்சுத்தானே பாப்பீங்க? வலது பக்கம் உங்களுக்கு, இடது பக்கம் அவருக்கு. நீங்க அதைச் சரி பண்ணிட்டு, அவரு பக்கம் சத்தம் வருதான்னு மட்டும் சொல்லுங்க. வரலைன்னா அப்பா சொல்றபடி காரியம் பண்ணிரலாம்."

ரிப்பேர்காரர்களின் வழக்கம் அது. எடுத்த எடுப்பில் பாட்டுப் போடமாட்டார்கள். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் இருக்கும் இன்புட் துளையில் விரலை வைப்பார்கள். மனித உடம்பு பட்டதும் ஸ்பீக்கர் 'உம்ம்' என்று உறுமும். உறுமினால் அந்தப் பக்கம் சரி. அண்ணனும் தம்பியும் சிறுவயதிலிருந்தே ஆளுக்கொரு பக்கம் விரல் வைத்துத்தான் வேலையை முடிப்பார்கள். உயிருள்ள விரலுக்குத்தான் அது உறுமும் என்று அலமு நம்பிவிட்டாள்.

அவள் அப்பா ராக்கப்பன் தனியாக போன் செய்தார். "மாப்பிள்ளை, வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. புள்ள தேஞ்சுகிட்டே போகுது. இன்னும் ஒரு மழைக்காலம் ஜெட்டியில நின்னா, எனக்கு அதுவும் மிஞ்சாது."

உதயசூரியன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்.

மூடியைத் திறந்தார். உப்புக்காற்று பட்டு செம்புக் கம்பியெல்லாம் பச்சை பூத்திருந்தது. இடது பக்கத்து டிரான்சிஸ்டர்கள் கருகியிருந்தன. அவற்றைக் கழற்றினார், புதிதாக எதையும் மாட்டவில்லை. அந்த இடம் பல் விழுந்த ஈறு மாதிரி வெறுமையாக இருந்தது. இல்லாத பாகத்திலிருந்து சத்தம் எப்படி வரும்? வரவில்லை என்று சொன்னால் பொய்யும் ஆகாது.

வலது பக்கத்தை மட்டும் ஈயம் உருக்கிப் பற்றவைத்தார். சூடான ஈயக்கோலின் முனை ஆள்காட்டி விரலில் பட்டது. தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தார். வலிக்கவில்லை. தம்பி போன நாளிலிருந்தே எதுவும் வலிக்கவில்லை.

ஐப்பசி மாதம். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. வெளியே மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது.

இரண்டு ஸ்பீக்கர்களை மாட்டி, சுவிட்சைப் போட்டார். வலது துளையில் விரல் வைத்தார். வலது ஸ்பீக்கர் உறுமியது. சரி.

விரலை எடுத்தார். அறை அமைதியானது.

இடது ஸ்பீக்கர் உறுமியது.

உதயசூரியன் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். இரண்டும் மடியில் இருந்தன.

உறுமல் நின்றது. சிறிய இடைவெளி. பிறகு 'உம்', 'உம்' என்று இரண்டு தட்டல். அதற்குப் பிறகு அழுத்தமாக, நீளமாக ஒன்று.

நல்லதம்பி அப்படித்தான் வைப்பான். முதலில் இரண்டு தட்டு, அப்புறம் அழுத்தம்.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். டிரான்சிஸ்டர் இருந்த இடம் காலியாகவே இருந்தது. இடது ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினார்.

உறுமல் நிற்கவில்லை.

ஈரக் கயிறும் டீசலும் கலந்த வாடை அடித்தது. அவருடைய இடது தோளை ஒட்டி மட்டும் காற்று குளிர்ந்திருந்தது. யாரோ நெருக்கி உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல.

பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பயம் வரவில்லை.

சமையலறையிலிருந்து விசாலாட்சி குரல் கொடுத்தாள். "யாருங்க வந்திருக்கா? ரெண்டு டீ போடட்டுமா?"

"ஒண்ணு போதும்," என்றார்.

போன் அடித்தது. அலமு.

"முடிஞ்சுருச்சா பெரியத்தான்?"

"முடிஞ்சது."

"அவரு பக்கம்?"

இடது ஸ்பீக்கர் உறுமிக்கொண்டே இருந்தது. அவர் போனின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். ஆமாம் என்றால் அவள் ஜெட்டியிலேயே நின்று செத்துப்போவாள். கையை எடுத்து, போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"வரலைம்மா."

உறுமல் சட்டென்று நின்றது.

அலமு அழவில்லை. "சரி பெரியத்தான்," என்று வைத்துவிட்டாள்.

ஆம்ப்ளிஃபயரைப் பழைய இரும்புக் கடையில் போட்டார். கடைக்காரன் சுத்தியலால் அதை உடைக்கும்வரை நின்று பார்த்தார். பிறகு கப்பலேறினார். ஹட் பே கரையில் தர்ப்பையால் நல்லதம்பியின் உருவம் செய்து எரித்தார்கள். அலமுவின் தாலியைக் கழற்றினார்கள். உதயசூரியன் கடலில் முழுகி எழுந்தார். தண்ணீர் சில்லென்றிருந்ததா என்றுகூட அவருக்கு நினைவில்லை. சாம்பல் கரைந்ததும் ராக்கப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். அவர் கையைக் கொடுத்துவிட்டு நின்றார்.

பத்துபஸ்திக்குத் திரும்பிய மறுநாள் மாலை அலமு போன் செய்தாள்.

"சாப்ட்டியாம்மா?"

"வயிறு நெறயச் சாப்ட்டேன் பெரியத்தான். மீன் கொழம்பு."

அவள் குரலில் பழைய துள்ளல் இருந்தது. மாதக்கணக்கில் கேட்காத குரல். செய்தது நல்லதற்குத்தான் என்று அவர் நினைத்தார். நெஞ்சுக்குள் ஏதோ லேசாக இளகியது.

"நல்லதும்மா. அப்பா எங்க?"

"தூங்குறாரு. எழுப்பிப் பாத்தேன், எந்திரிக்கலை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பெரியத்தான், உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு."

"யாரு?"

மறுமுனையில் சொட்டுச் சொட்டாகத் தரையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"சத்தம் வரலைன்னு அண்ணன் எதுக்குப் பொய் சொன்னாருன்னு கேக்குறாரு. பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. போனைக் குடுக்கட்டுமா?"