வலது பொத்தான்

வலது கை ஒன்றின் விலை எட்டு லட்சம். இடது கை என்றால் ஒரு லட்சம் குறைவு. தொழிலாளர் காப்பீட்டுப் பட்டியலில் அப்படித்தான் போட்டிருந்தது. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: பாதுகாப்பு ஏற்பாட்டைத் தொழிலாளியே கெடுத்திருந்தால் சல்லிக்காசு கிடையாது.

தகடு வளைக்கும் ஆலையில் நேற்று ஒருவருடைய வலது கையை மணிக்கட்டோடு இயந்திரம் எடுத்துக்கொண்டது. இன்று காலை காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணை அதிகாரி வந்தார். அலுவலகத்தில் அந்த அம்மாளுக்குத் 'தராசு' என்று பெயர். எந்தத் தட்டிலும் விரல் வைத்து அழுத்தமாட்டார்.

ஆலை மேலாளர் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே விளக்கினார்.

"ரெண்டு கையாலயும் ரெண்டு பொத்தானை அமுக்கினாதான் மேடம் மெஷின் இறங்கும். இவன் வலது பொத்தானை டேப் போட்டு அமுக்கிவச்சுட்டு, அந்தக் கையால தகடு தள்ளியிருக்கான். நாள் முழுக்க இப்படித்தான்!"

வலது பொத்தான்மேல் நீல டேப் இறுகச் சுற்றியிருந்தது. தராசு அதன் ஓரத்தை உரித்துப் பார்த்தார். உள்ளே பொத்தானின் பச்சைச் சாயம், கடையில் அப்போதுதான் வாங்கியதுபோலப் பளபளத்தது. இடது பொத்தானோ சாயம் தேய்ந்து வெளுத்திருந்தது. பக்கவாட்டில் சாவித் துளையோடு ஒரு சின்னப் பெட்டி.

"இது என்ன சார்?"

"பழுது பார்க்கறப்போ ஒரு பொத்தான்ல ஓட்டறதுக்கு. திறக்கிறதே அபூர்வம்."

"சாவி?"

"எல்லாச் சாவியும் என் இடுப்புலதான். பொண்டாட்டி கேட்டாக்கூடக் கொடுக்கமாட்டேன்."

அடுத்த இயந்திரத்தில் நின்றவர் கை போனவரின் மைத்துனர்.

"தம்பி, உங்க மச்சான்தான் டேப் போட்டாரா?"

அவர் மேலாளரைப் பார்த்தார். "தெரியாது மேடம். அக்கா ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருக்கா. எனக்கும் வேலை போச்சுன்னா ரெண்டு வீட்டு அடுப்பும் எரியாது."

தராசு திரும்பினார். "டேப் அப்படியே இருக்கட்டும். ஓட்டிக் காட்டுங்க சார்."

"உங்க கம்பெனிக்குக் காசு மிச்சம். எதுக்கு மேடம் இந்த வேலை?"

"மிச்சத்தையும் எண்ணித்தான் வாங்குவோம்."

மேலாளர் மின்சாரத்தைப் போட்டு இடது பொத்தானை அமுக்கினார். இயந்திரம் அசையவில்லை. ஓங்கிக் குத்தினார். ஊஹூம்.

"அசையாது சார். ஒவ்வொரு தடவையும் ரெண்டையும் விட்டுட்டு, சேர்த்து அமுக்கணும். ஒண்ணைக் கட்டிவச்சா மெஷின் படுத்துக்கும். தினமும் இதை ஓட்டறவங்க டேப்பை வீணாக்கமாட்டாங்க. ஒரு நாளும் ஓட்டாதவர்தான் ஒட்டியிருக்கணும்."

சாவிக்கொத்து சுழல்வது நின்றது.

"இடது தேய்ஞ்சுபோச்சு, வலது புதுசா இருக்கு. மாசக்கணக்கா அந்த வலது பொத்தானுக்கு வேலையே இல்ல. ஒரு பொத்தானுக்கு மாத்திவிட்டது அந்தப் பெட்டிச் சாவி. கை போனப்புறம் பழையபடி ரெண்டு பொத்தானுக்குத் திருப்பினதும் அதே சாவிதான். அது யார் இடுப்புல இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

மைத்துனருக்கு அப்போதுதான் குரல் வந்தது. "உருப்படி கூடணும்னு இவர்தான் மாத்தினாரு மேடம். என் மெஷினையும் பாருங்க, வலது பொத்தான் புத்தம்புதுசு."

மாலையில் தராசு அறிக்கை எழுதினார். காயம்பட்டவருக்குத் தரவேண்டியது எட்டு லட்சம். பாதுகாப்பைக் கெடுத்த ஆலையிடம் வசூலிக்கவேண்டியது எட்டு லட்சம். கூட்டிக் கழித்தால் கணக்கு நேர். கை மட்டும் பாக்கி.