ஆறு. சாமான் அறை.

மாடியில் காய்ச்சலோடு படுத்திருந்த ஏழு வயதுப் பெண்ணைத் தவிர, வீட்டில் இருந்த மற்ற இரண்டு பேரும் கூடத்தில் அலாரப் பேனலுக்கு முன்னால் சோதனைக்காகக் கையைக் காலை அசைக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள், அப்படியும் பேனல் வாயைத் திறந்து, "ஆறு. சாமான் அறை," என்றது. யாரோ நடமாடினால்தான் அது அப்படிச் சொல்லும். குரல், அதை மாட்டிய மெக்கானிக்கான அவனுடையதே. ஒவ்வொரு அறையின் பெயரையும் மாட்டுகிறவனே பேசிப் பதிவு செய்யும் வகைப் பேனல் அது. மூன்று மாதத்துக்கு முன்னால், சாப்பாட்டு நேரம் தாண்டிய எரிச்சலில், சிடுசிடுவென்று பேசிப் பதிந்திருந்தான்.

சாமான் அறை சமையலறைக்குப் பின்னால் இருந்தது. மாடிப்படிக்கும் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். ஜன்னல் கிடையாது. கதவில் பூட்டு தொங்கியது, சாவி வீட்டுக்கார டீச்சரின் கையில் இருந்தது.

"கேட்டீங்களா?" என்றாள் டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு மகளுக்குத் துணையாக இருந்தாள்.

கேட்டான். பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டுக்கு இது மூன்றாவது நடை. முதல் தடவை, பல்லி ஏறியிருக்கும் என்று சென்சாரைத் துடைத்துவிட்டுப் போனான். அடுத்த தடவை சென்சாரையே மாற்றினான். அப்படியும் சைரன் ஊரைக் கூட்டியது. இன்று காலை மேனேஜர் எல்லார் முன்னாலும் இவனை நிறுத்தி வைத்துச் சொன்னார். "அந்த வீட்டு சைரனைப் பத்தி இன்னொரு போன் வந்துச்சுன்னா, டூல் பையை இங்க வெச்சிட்டு வீட்டுக்குப் போய்க்கிட்டே இரு." பதினோரு வருஷ உழைப்புக்கு மரியாதை அவ்வளவுதான். பின்னால் நின்ற ஒருத்தன் சிரித்தது வேறு இன்னும் காதிலேயே இருந்தது.

அறையைத் திறக்கச் சொல்லி உள்ளே போனான். துணி மூட்டைகள், கால் உடைந்த நாற்காலி, மடக்கி வைத்த தொட்டில். ஈரச் சுவரின் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைப் பத்து நாள் கழித்துத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. சென்சாரில் பல்லி இல்லை, பூச்சி இல்லை. ஒயர் சரியாக இருந்தது. பழி போட ஒன்றுமே கிடைக்காததில் கோபம் இன்னும் ஏறியது.

"எலி கிலி ஓடுதா?"

"எலி இல்லண்ணா." டீச்சர் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்க கம்பெனிக்குப் போன் பண்ணது நான் இல்ல, பக்கத்து வீட்டுக்காரர். இது அடிக்கறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. அடிச்சா அது நின்னுடுது. இங்கேயே இருந்துடுது. படியேறி என் பொண்ணுகிட்ட போகாம இருந்தா போதும் எனக்கு. தயவுசெஞ்சு இத அப்படியே விட்டுட்டுப் போயிடுங்க."

"எது நின்னுடுது?"

டீச்சர் பூட்டையே பார்த்தாள். மாடியில் குழந்தை இருமியது. கக், கக், கடைசியில் ஒரு சின்ன இழுப்பு.

அவனுக்கு வாய்வரை வந்துவிட்டது. உங்க வீட்டுப் பயத்துக்கு என் பொழப்பு போகணுமா? சொல்லவில்லை. "சரி பண்ணிடறேன், டீச்சர்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்தான்.

மெக்கானிக்குக்கு மட்டும் தெரிந்த நம்பரை அழுத்தி உள் மெனுவுக்குள் போனான். தொல்லை தரும் அறையைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்தால் கீபேடில் மஞ்சள் விளக்கு எரிந்து காட்டிக் கொடுத்துவிடும். அதனால் அவசரக்கார மெக்கானிக்குகள் எல்லாரும் செய்கிற, எவனும் வெளியே சொல்லாத வேலையை அவனும் செய்தான். ஆறாம் எண்ணையே அழித்தான். பதிந்திருந்த குரலையும் அழித்தான். இனி பேனலைப் பொறுத்தவரை அப்படி ஓர் அறையே இந்த வீட்டில் இல்லை. பச்சை விளக்கு எரிந்தது. தொலைஞ்சது சனியன், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

கடைசியாக மறுபடி சோதனை. அந்த நேரத்தில் சைரன் அடிக்காது. அசைவு தெரிந்த அறையின் பெயரை மட்டும் பேனல் சொல்லும். "ரெண்டு பேரும் இங்கேயே நிப்போம். நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க. அசைஞ்சா டெஸ்ட் கெட்டுடும், மறுபடி முதல்லேர்ந்து செய்யணும்."

டீச்சர் சாவியை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். ஒரு நிமிடம் போனது. சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்கும், தெருவில் யாரோ வண்டியைத் துடைக்கும் சத்தமும், மூக்கருகே மெல்ல வந்து சேர்ந்த அந்த டப்பா வாடையும்.

"மூணு. சமையலறை."

டீச்சரின் முகம் வெளுத்தது. "ஆறு சொல்லலையே."

அவன் பச்சை விளக்கையே பார்த்தான்.

"ஆறு சொல்லாம மூணு எப்படிச் சொல்லும்? என்ன பண்ணீங்க?"

"நில்லுங்க, டீச்சர்."

"அண்ணா, என்ன பண்ணீங்க?"

"நாலு. மாடிப்படி."

அவள் பாய்ந்தாள். அவன் குறுக்கே கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். கோபம் கையில் இருந்தது. அதற்குள் பயமும் இருந்ததை அவனே அப்போதுதான் உணர்ந்தான். "அசையாதீங்கன்னா கேக்க மாட்டீங்களா? ஒயர்ல கோளாறு. அவ்வளவுதான்."

"அஞ்சு. மாடி அறை."

மேலே குழந்தை இருமியது. கக். அடுத்தது வரவில்லை. இழுப்பும் வரவில்லை.

அவன் கை அவள் தோளிலேயே இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. எடுக்க முடியவில்லை.

"நாலு. மாடிப்படி." இறங்கியது.

"மூணு. சமையலறை."

பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

டீச்சர் அவன் கையைக் கடித்தாள். பிடி விட்டது. ஓடினாள். அவள் ஓட ஓட அவன் குரல் அவள் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனது. மூணு. நாலு. அஞ்சு. மேலே போர்வையை உதறும் சத்தம். கட்டிலை இழுக்கும் சத்தம். மகளைக் கூப்பிடும் சத்தம். திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் இன்னும் உரக்க.

சண்டாளா, என்று அவன் தன்னையே திட்டிக்கொண்டான். கால் தானாகச் சமையலறைக்கு நடந்தது. "மூணு," என்றது பேனல்.

சாமான் அறைக் கதவில் பூட்டு அப்படியே தொங்கியது. சாவி மாடியில், டீச்சரின் கையில்.

கதவுக்கு அந்தப் பக்கம், தரையோடு தரையாக, யாரோ இருமினார்கள்.

கக். கக். ஒரு சின்ன இழுப்பு.

கூடத்தில் பேனல் வாயே திறக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் போன் போடும்படி தெருவரை ஒரு சத்தமும் போகவில்லை.