ஐந்தாவது மைக்ராஸ்கோப்

துங்காநகர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை மந்தாகினி ஹெக்டேயிடம் அழுது காரியம் சாதித்தவர் கிடையாது. அது தெரியாமல் யோகிதா தேம்பித் தேம்பி அழுதாள். செல் உயிரியல் செய்முறைத் தேர்வில் காமத் சாருடைய ஸ்லைடைத் திருடினாள் என்று பழி. சாயங்காலத்துக்குள் ஸ்லைடு வராவிட்டால் படிப்பை விட்டே துரத்திவிடுவார்களாம். அவள் கையைப் பிடித்தபடி அறைத்தோழி அனகா நின்றாள்.

“அழுது முடிச்சிட்டுச் சொல்லு, எனக்கு அவசரமில்ல,” என்று மந்தாகினி மண்டக்கிப் பொரியைக் கொறித்தார். அவரிடம் ஆராய்ச்சி செய்யும் சிதானந்தாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

“அஞ்சாவது மைக்ராஸ்கோப்புல சார் ஸ்லைடு மேடம். பார்த்து, என்ன கட்டம்னு எழுதணும். மணி அடிச்சா அடுத்ததுக்கு நகரணும். வரிசையில நான் கடைசி. அனாஃபேஸ் தெரிஞ்சுது, எழுதினேன்.”

“மத்தவங்க எல்லாரும் மெட்டாஃபேஸ். சார் வச்சதும் அதான்,” என்று அனகா முந்திக்கொண்டாள். “காலையில லென்ஸ் துடைச்சப்ப எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு மேடம், வகுப்புத் தலைவி நான்தானே துடைக்கணும். தேர்வு முடிஞ்சு பார்த்தா வேற ஸ்லைடு. பாவம், இவ அப்படிப்பட்டவ இல்ல.”

செல் பிரியும்போது குரோமோசோம்கள் நடுவில் கூடி நிற்பது மெட்டாஃபேஸ். அதன்பின் இரு பக்கமும் விலகிப் போவது அனாஃபேஸ். செல் உயிரியலில் இது அரிச்சுவடி.

“இதுல என்ன மேடம் இருக்கு? மொத்த வகுப்பும் ஒண்ணு பார்த்திருக்கு, இவ வேற பார்த்திருக்கா. இவதான் மாத்தியிருக்கா,” என்றான் சிதானந்தா.

“வாயை மூடு மகராசா. வகுப்பு முழுசையும் லேபுக்குக் கூட்டிட்டு வா. காமத்தையும்.”

லேபில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார் மந்தாகினி. “அஞ்சாவதுல பார்த்ததை வரைஞ்சு, பேரை எழுதுங்க.”

சிதானந்தா தாள்களை வாங்கிப் புரட்டினான். எல்லாம் பாடப்புத்தகப் படம்: செல்லின் குறுக்கே ஒரு கோடாகக் குரோமோசோம்கள். மாறியிருந்தவை இரண்டுதான். யோகிதா அனாஃபேஸ் வரைந்திருந்தாள். அனகா ஒரு வளையம் வரைந்திருந்தாள்.

“உங்க ஸ்லைடுல எப்படித் தெரியும் காமத்?”

“வளையமா. பக்கவாட்டுல பார்த்தாத்தான் கோடு. மேலேருந்து பார்த்தா வளையம். அப்படி அமையறது அபூர்வம், அதனாலதான் அதை வச்சேன்...” தாள்களைப் பார்த்ததும் காமத்தின் முகம் செத்துப்போயிற்று.

“கோடு போட்ட யாரும் அதைப் பார்க்கல. விடை முன்னாடியே கைக்கு வந்திருக்கு,” என்றார் மந்தாகினி.

“அப்ப அனகா மட்டும்தான் ஒழுங்காப் பார்த்திருக்கா மேடம்,” என்றான் சிதானந்தா.

“அவசரப்படாதே.” மந்தாகினி வரிசையின் முதல் ஆளான ஆதர்ஷைப் பார்த்தார். “நீ கண்ணை வச்சியா இல்லையா?”

அவன் மற்றவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டான். “வச்சேன் மேடம். அனாஃபேஸ்தான் தெரிஞ்சுது. ஆனா வாட்ஸ்அப்புல மெட்டாஃபேஸ்னு வந்திருந்துச்சு. எல்லாரும் அதை எழுதறப்ப நான் மட்டும் ஏன் மாட்டிக்கணும்னு...”

“இவ மேல பழி விழுந்தப்பவும் வாயே திறக்கல.”

ஆதர்ஷ் பின்வரிசைக்கு நகர்ந்துகொண்டான்.

“முதல் ஆள் வர்றதுக்கு முன்னாடியே ஸ்லைடு மாறியாச்சு,” என்றார் மந்தாகினி. “அப்ப வளையத்தைப் பார்த்தவ தேர்வுக்கு முன்னாடிதான் பார்த்திருக்கணும். லென்ஸ் துடைக்கிற சாக்குல. இல்லையா அனகா?”

அனகா யோகிதாவின் கையை விட்டாள். ஆசைக்கு எட்டிப் பார்த்தாளாம். ஃபோகஸ் திருகை அதிகமாகத் திருகியதில் லென்ஸ் இறங்கி ஸ்லைடு நொறுங்கியதாம். பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்துவிட்டு, எல்லோருக்கும் விடையை அனுப்பிவிட்டாள். யோகிதாவுக்கு மட்டும் அனுப்பவில்லை.

“ஒரே ரூம்ல இருக்கோமே, எனக்கு மட்டும் ஏன்டி அனுப்பல?” என்று யோகிதா கேட்டாள்.

“யாராவது மாட்டணும்ல. நீதான் கடைசி. மத்தவங்க மெட்டாஃபேஸ்னு எழுதிட்டா, மாத்தினது நீதான்னு ஆயிடும். அதுவுமில்லாம, அனுப்பியிருந்தாலும் நீ மைக்ராஸ்கோப்புல பார்த்துட்டுத்தான் எழுதுவே. நம்ம வகுப்புல அப்படி ஒரு லூசு நீதான்.”

காமத் அனகாவை வெளியே போகச் சொன்னார். மற்ற எல்லோருக்கும் மறுதேர்வு என்றார். மொத்த வகுப்பும் திரும்பி முறைத்தது அனகாவை அல்ல, யோகிதாவை.

“மெட்டாஃபேஸ்னு எழுதித் தொலைச்சிருக்கலாம்ல,” என்று சொல்லிக்கொண்டே ஆதர்ஷ் அவளை இடித்துக்கொண்டு வெளியே போனான்.

விடுதியில் யோகிதாவோடு அறையில் தங்க அதன்பிறகு ஒருத்தியும் வரவில்லை.