பத்திரம் கேட்ட இன்ஸ்பெக்டர்

செல்போன் அலறியது!

பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு எடுத்தாள் நாகவல்லி.

"சென்னீர்குப்பத்துல வீடு விக்கறது நீங்கதானே? இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க புரோக்கர் வரதன்... பயங்கர ஃபிராடு!"

"ஐயையோ!"

"ஒரிஜினல் பத்திரத்தை அவன்கிட்ட குடுத்துட்டீங்களா?"

"இல்ல சார்... ஜெராக்ஸ்தான் வாங்கிகினு போனாரு. ஒரிஜினல் பீரோல கீது."

"அப்பாடா! அது ஸ்டேஷன்ல இருந்தா பயமில்ல. நானே வந்து வாங்கிக்கறேன்!"

திருமழிசை கம்பெனியில் நாகவல்லி இருபது வருஷம் நின்றபடியே வேலை பார்த்துக் கட்டிய வீடு. பத்திரம் கைமாறினால் மொத்தமும் போச்சு!

பத்தே நிமிஷம். வாசலில் புல்லட். காக்கி பேண்ட், முறுக்கு மீசை.

"சீக்கிரம்மா! வரதன் வந்துடப் போறான்!"

"தோ எடுத்தாரேன்... உக்காருங்க சார்."

உள்ளறையில் பீரோவைத் திறந்தாள். வரதனைச் சும்மாவா பிடித்தாள்? போன் செய்த நாலு புரோக்கரில் மூன்று பேர் எடுத்த எடுப்பிலேயே "ஒரிஜினல் எங்க?" என்றார்கள். கேட்காதவன் அவன் ஒருத்தன்தான். அவனா திருடன்?

ஹாலில் இன்ஸ்பெக்டரின் போன் அடித்தது. ரகசியமாகத்தான் பேசினார். ஆனால் பாழாய்ப்போன தொழில் பழக்கம், குரல் தானாக ஏறியது!

"சொல்லுங்க சார்! கார்னர் மனை. கிழக்கு வாசல், வாஸ்து பக்கா. குமணன்சாவடி ஜங்ஷன் நடந்தா ரெண்டே நிமிஷம்!"

நாகவல்லி விறைத்து நின்றாள்.

ரெண்டு நிமிஷமா? அவள் தினமும் அரைமணி நேரம் நடக்கிற தூரமாச்சே! அதை இப்படிச் சுருக்க ஒரு புரோக்கரைத் தவிர வேறு யாரால் முடியும்?

அடப்பாவி!

பத்திரத்தை இடுப்பில் செருகினாள். கொல்லைக் கதவு வழியே வெளியேறி... தாழ்ப்பாள்! சுற்றி ஓடிவந்து வாசல் கதவுக்கும்... தாழ்ப்பாள்!

தட தட தட!

"அக்கா, தொறக்கா!"

"யார்ரா நீ?"

"புரோக்கர் தினேஷ்க்கா... எனக்கும் போன் பண்ணீங்களே... ஒரிஜினலைக் காட்டி நாலு பார்ட்டிகிட்ட அட்வான்ஸ் வாங்கலாம்னு..."

"பேமானி! நெஜ போலீசுக்குப் போன் போட்டுட்டேன். வந்துகினே கீறாங்கோ!"

உள்ளிருந்து ஜன்னலோரமாக ஒரு குழைந்த குரல்...

"அது கெடக்கட்டும்க்கா... வரதன் ரெண்டு பர்சென்ட் கமிஷன்தானே கேட்டான்? நான் ஒண்ணுலயே முடிச்சித் தரேன்!"